கறுப்பா அடிச்சுட்டு வா தம்பி!

ரிச்சி தெரு முனையில் நின்று ஒரு தும்மல் போட்டால்கூட, "என்ன ஸார் வேணும்? சிசிடிவியா, லேப்டாப் சார்ஜரா?" என்று நாலு பேர் ஓடி வருவார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறி வெளியே வந்தால் மவுண்ட் ரோடு, அங்கிருந்து பொடிநடை. எலெக்ட்ரானிக்ஸுக்கு டெல்லியில் நேரு பிளேஸ் என்றால் சென்னையில் இந்தத் தெருதான். ஒரு ரூபாய்க்கு ரெஸிஸ்டரும் உண்டு, லட்ச ரூபாய்க்கு கம்ப்யூட்டரும் உண்டு. மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் புகுந்து போகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட தெருவில் அந்தச் சனிக்கிழமை நான் தேடிப் போனது ரொம்ப அல்பமான ஒரு சமாசாரம்.

வெள்ளை. வெறும் வெள்ளை நிறம்.

"பிரிண்டருக்கு வெள்ளை இங்க் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஏன் கேட்டேன் என்பதற்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் நானும் அவனும் ரூம்மேட்ஸ். சொந்தபந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து இன்று வரை ஒருத்தரையொருத்தர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டுக் கொள்கிறோம். அவன் கிடார் வாசிப்பான். எனக்கு வாசிக்க வராது, சால்டரிங் வரும். சம்பளத்துக்கு முந்தைய வாரங்களில் ரெண்டு பேரும் மவுண்ட் ரோடு மியூஸி மியூஸிகல் கடை கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே தொங்கும் கிடார்களைப் பார்ப்போம். 1842-ல் ஆரம்பித்த கடை. எங்களை மாதிரி எத்தனை தலைமுறை மூச்சு அந்தக் கண்ணாடியில் படிந்திருக்குமோ!

பிறகு நான் ஆபீஸ், ஃபைல், பிள்ளைகுட்டி என்று ஆகிவிட்டேன். அவன் மட்டும் விடாப்பிடியாக மெல்லிசைக் குழுக்களில் வாசித்துக் கொண்டிருக்கிறான். கல்யாண ரிசப்ஷன், கோயில் கச்சேரி, கம்பெனி ஆண்டு விழா... எது கிடைத்தாலும்.

போன பிறந்தநாளுக்கு அவனுக்கு ஒரு 'பெடல்' செய்து கொடுத்தேன்.

பெடல் என்றதும் சைக்கிளை நினைக்காதீர்கள். எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர் காலடியில் சோப்பு டப்பா சைஸில் ஒரு உலோகப் பெட்டி கிடக்குமே, அது. காலால் ஒரு மிதி மிதித்தால், அதுவரை சாதுவாகப் பாடிக் கொண்டிருந்த கிடார் உறும ஆரம்பிக்கும். உள்ளே பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ரெண்டு மூணு டிரான்ஸிஸ்டர், ரெண்டு டயோடு, ஒரு 9 வோல்ட் பாட்டரி. கிடாரிலிருந்து வரும் மெல்லிய அலையைப் பெரிதாக்கி, அதன் தலையை டயோடு சீவி விடும். தலை சீவப்பட்ட அலைதான் கரகரவென்று உறுமுகிறது. 1962-ல் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ என்ற பெயரில் முதல் பெட்டி கடைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் அதை மிதித்த பிறகுதான் உலகமே மிதிக்க ஆரம்பித்தது.

நான் செய்தது டை-காஸ்ட் அலுமினியப் பெட்டி. 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். பட்டறையில் கொடுத்து பவுடர் கோட்டிங் போட்டேன். பளபளவென்று அண்டங்காக்காய்க் கறுப்பு. மேலே மூன்று குமிழ்கள். ஒன்று சத்தம், அதாவது வால்யூம். இன்னொன்று கெயின், அதாவது உறுமலின் அளவு. மூன்றாவது டோன்.

எதன் மேலும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. "இவ்வளவு அழகான கறுப்பில் போய் எழுத்தா?" என்று ஒரு திமிர். செய்தவனுக்குத் தெரியும், வாசிப்பவனுக்கும் சொல்லியாச்சு, அப்புறம் என்ன?

அப்புறம்தான் வந்தது வினை.

ஒரு ரிசப்ஷன். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வருகிறார்கள். ஹால் விளக்கை அணைத்துவிட்டு அவர்கள் மேல் மட்டும் வெளிச்சம். பாட்டில் கிடார் மெதுவாகத் தேய்ந்து போக வேண்டிய இடம். நண்பன் குனிந்து இருட்டில் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று திருப்பியது... கெயின் குமிழை. அதுவும் முழுசாக! பக்கத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் வேறு. ஸ்பீக்கர் சத்தம் கிடாருக்குள் போய், கிடார் சத்தம் ஸ்பீக்கருக்குள் போய், 'கீஈஈஈ' என்று ஒரு ஊளை. முன்வரிசைப் பாட்டி காதைப் பொத்திக் கொண்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்துவிட்டார்.

அன்றைய சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கட். குழுவை நடத்துகிறவர் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, கிடார் பிட்டையெல்லாம் கீபோர்டுலயே வாசிச்சுக்கறோம் ஸார்."

ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் செய்தான்.

"மாப்ளே, கண்ணு முன்ன மாதிரி இல்லடா. நாப்பத்தெட்டு ஆயிடுச்சு. இருட்டுல மூணு குமிழும் ஒண்ணு மாதிரியே தெரியுது. நீ ஒண்ணுமே எழுதலையேடா."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை.

அடுத்த கச்சேரிக்கு இரண்டு வாரம் இருந்தது. "எழுத்துதானே? வீட்டு பிரிண்டரிலேயே அடிச்சு ஒட்டிடறேன்" என்றேன். உலகத்தில் எல்லாத் துன்பமும் இந்த 'தானே'வில்தான் ஆரம்பிக்கிறது.

ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் ஷீட் வாங்கி, கம்ப்யூட்டரில் வெள்ளை எழுத்தில் டிசைன் போட்டு அடித்தேன். ஷீட் போனபடியே திரும்பி வந்தது. ஒன்றுமே இல்லை! சரி, மஞ்சளில் அடிப்போம் என்று அடித்தேன். எழுத்து அழகாக வந்தது. கறுப்புப் பெட்டி மேல் ஒட்டியதும் மாயமாக மறைந்தது. எடுத்தால் தெரிகிறது, ஒட்டினால் மறைகிறது. பி.சி. சர்க்கார் மேஜிக் ஷோ மாதிரி வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டினேன். "என்னங்க, ஒரு வெள்ளைப் பேப்பர்ல பேனாவால எழுதி ஒட்டிடுங்களேன்" என்றாள் மனைவி. கடைசியில் அதுதான் நடக்குமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

இதற்குத்தான் மறுநாள் ரிச்சி தெரு.

கடைக்காரர் சிரித்து முடித்து விஷயத்துக்கு வந்தார்.

"ஸார், உங்க பிரிண்டர்ல நாலு கலர்தான். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. வெள்ளை பிரிண்டர்ல இல்ல ஸார், பேப்பர்ல இருக்கு!"

எனக்குப் பளிச்சென்றது. இத்தனை வருஷம் ஆபீஸில் கட்டுக்கட்டாக பிரிண்ட் எடுத்திருக்கிறேன், இது தோன்றியதே இல்லை! பிரிண்டர் மை என்பது கலர் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் மைக்குள் புகுந்து, கீழே இருக்கும் வெள்ளைப் பேப்பரில் பட்டு, திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. அப்படி வந்தால்தான் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். கீழே கறுப்பு இருந்தால் போன வெளிச்சம் போனதுதான். கடன் வாங்கிய நண்பன் மாதிரி திரும்பாது.

"வெள்ளை டோனர் போட்ட லேசர் பிரிண்டரும் இருக்கு ஸார். விலையைச் சொன்னா உங்க முகம் வெள்ளையாயிடும்" என்றவர், ஒரு வழியும் சொன்னார். 'வாட்டர் ஸ்லைடு டெக்கால்' என்று ஒரு ஷீட். பொம்மை விமானத்தில் ஒட்டுகிறார்களே, அது. வெள்ளை ஷீட்டாக வாங்கி, சுற்றிலும் கறுப்பை அடித்து, எழுத்து இருக்கும் இடத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். விட்ட இடம் வெள்ளையாகத் தெரியும்.

ஆன்லைனில் வரவழைத்தேன். அடித்தேன். தண்ணீரில் போட்டேன். ஒரே நிமிஷத்தில் தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் ஆகிவிட்டது. இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். முதலில் மேலே க்ளியர் லாக்கர் ஸ்ப்ரே அடித்து, காய்ந்த பிறகுதான் நனைக்க வேண்டும் என்று கவரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நம் ஊரில் யார் ஸார் பின்பக்கம் படிக்கிறார்கள்?

இரண்டாவது ஷீட் உருப்படியாக வந்தது. பல்லி வால் மாதிரி வழுக்கி, பெட்டி மேல் உட்கார்ந்தது. குமிழி இல்லாமல் துணியால் ஒற்றியெடுத்தேன். ஆனால் கறுப்பிலும் ஜாதி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பெட்டியின் கறுப்பு வேறு, என் பிரிண்டரின் கறுப்பு வேறு. நடுவில் சாயம் போன பேண்ட்டுக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு சதுரம். வெட்டிய ஓரம் பூரா வேட்டிக் கரை மாதிரி வெள்ளைக் கோடு. அதை மார்க்கர் பேனாவால் மறைத்துவிட்டு, குமிழின் நட்டை முறுக்கினால்... நட்டோடு சேர்ந்து டெக்காலும் சுழன்று கிழிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை. கச்சேரி ஞாயிறு. ஆபீஸில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, குமிழெல்லாம் கழற்றிய காலிப் பெட்டியை டிபன் பையில் வைத்துக் கொண்டு கிளம்பினேன்.

முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் தெரு. கார் சீட் கவர், ஹாரன், ஸ்டிக்கர் என்று வண்டிக்கு நகை போடுகிற கடைகள் வரிசையாக இருக்கும். கறுப்பு பைக்கின் மேல் வெள்ளையாக 'அம்மா அப்பா ஆசி' என்று ஒட்டுகிறார்களே, அந்தப் பையன்களிடம் வெள்ளை நிச்சயம் உண்டு! நான் நினைத்தது சரிதான். வெள்ளை வினைல் சுருள் சுருளாக இருந்தது. மெஷினில் ஒரு குட்டிக் கத்தி ஓடி எழுத்தை வெட்டியது. ஆனால் என் எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டர். வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தபோது எழுத்தும் கூடவே கிளம்பி வந்தது. 'வால்யூம்' என்பதில் கடைசி 'ம்' மட்டும் மிஞ்சியது.

"ண்ணா, 'முருகன் துணை' கேளுங்க, வேல் போட்டே தர்றேன். இது எறும்புக்குக் கோலம் போடச் சொல்றீங்களே!" என்றான் பையன். காசு வாங்கவில்லை. "பாரீஸ்ல பத்திரிகை அடிக்கிறவங்க யாரையாவது பாருங்கண்ணா" என்று வழியனுப்பி வைத்தான்.

மறுபடி மெட்ரோ. அரசினர் தோட்டத்திலிருந்து சென்ட்ரல், அடுத்தது ஹைகோர்ட். இறங்கி ஆண்டர்சன் தெரு போனால் அது வேறு உலகம். தெரு முழுக்கக் காகிதம், கல்யாணப் பத்திரிகை. தட்டு வண்டியில் ரீம் ரீமாக ஏறுகிறது. கடை வாசலில் உட்கார்ந்து அப்பாவும் அம்மாவும் பொண்ணும் ஆளுக்கொரு கார்டைப் பிடித்துக் கொண்டு சண்டை போடுகிறார்கள்.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் பார்த்தேன். அந்தப் பொண்ணின் கையில் இருந்தது கரும் மெரூன் கார்டு. அதன் மேல் தங்க நிறப் பிள்ளையார். பக்கத்திலேயே கருநீல கார்டு. வெள்ளையில் வெள்ளி மாதிரி எழுத்து. அட, அடர்ந்த நிறத்தின் மேல் அச்சடிப்பது இவர்களுக்குத் தினப்படி வேலை! கல்யாணத்துக்குக் கல்யாணம் மொய் எழுதியிருக்கிறேனே தவிர, பத்திரிகையை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

விசாரித்துக் கொண்டு ஒரு சந்துக்குள் மாடியேறினேன். ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய படி. மேலே மை வாசனை. கொடியில் துணி மாதிரி தட்டுத் தட்டாக கார்டுகள் காய்ந்து கொண்டிருந்தன. பனியனும் கைலியுமாக ஒரு பெரியவர். பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது? மூடி இல்லாத டிபன் டப்பாவா?"

"கிடாருக்குங்கய்யா. காலால மிதிக்கிறது."

"மிதிக்கிறதுக்கா இவ்ளோ பளபளப்பு?"

"இதுமேல வெள்ளை எழுத்து வேணும்."

ஒரு டின்னைத் திறந்து காட்டினார். கெட்டித் தயிர் மாதிரி மை. "இது உங்க கம்ப்யூட்டர் மை மாதிரி கீழ இருக்கிறதை நம்பி வாழற மை இல்ல. கீழ என்ன நிறம் இருந்தாலும் மூடிடும்." டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியின் வேலை அது. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்ட்டிலும் அதேதான்.

பென் டிரைவில் இருந்த டிசைனைக் காட்டினேன். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. தலையை ஆட்டினார்.

"இது ஆகாது. கறுப்பா அடிச்சுட்டு வா தம்பி. வெள்ளையா வாங்கிட்டுப் போ."

நான் விழித்தேன். அவர் விளக்கினார். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை. அதன் மேல் வெளிச்சம் பட்டால் இறுகும் ஒரு பூச்சு. அதன் மேல், ஒளி ஊடுருவும் ஷீட்டில் கறுப்பாக அடித்த எழுத்தை வைத்து வெளிச்சம் காட்டினால், எழுத்து நிழலில் இருக்கும் இடம் மட்டும் இறுகாது. தண்ணீர் பீய்ச்சினால் அந்த இடம் கழுவிக்கொண்டு போய் வழிவிடும். அந்த வழியாக எந்த மையை வேண்டுமானாலும் இறக்கலாம். வெள்ளை, தங்கம், பச்சை... ஷீட்டில் இருக்கும் கறுப்பு வெறும் கதவுதான். உள்ளே யார் வர வேண்டும் என்பது நம் இஷ்டம்.

ஆக, இரண்டு வாரமாக என் வீட்டு பிரிண்டரிடம் அதனால் முடியவே முடியாத வெள்ளையைக் கேட்டுக் கெஞ்சிக் கொண்டிருந்தேன். அதற்கு நன்றாகத் தெரிந்த கறுப்பை யாரும் கேட்கவே இல்லை!

கிளம்பப் போனவனை நிறுத்தினார்.

"தம்பி, இதை எங்க வச்சுப் படிப்பாங்க?"

"தரையிலங்கய்யா. நின்னுட்டு வாசிப்பாங்க."

நான் கொண்டு போயிருந்த மாதிரித் தாளை வாங்கித் தரையில் போட்டார். டியூப் லைட்டை அணைத்தார். "எழுந்து நின்னு படி."

நின்றேன். ஐந்தடிக்குக் கீழே 3 மில்லிமீட்டர் எழுத்து. எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ தெரிந்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரசித்தபோது என்ன அழகாக இருந்தது! அது என் மூக்குக்கு முன்னால். வாசிக்கிறவன் கண்ணுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் உயரம் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. வெள்ளை கிடைத்திருந்தால்கூட அதே எழுத்தைப் போட்டுக் கொடுத்து, அதே ஊளையைத்தான் கேட்டிருப்பேன்.

"பெருசாப் போட்டா இடம் பத்தாதுங்கய்யா. வார்த்தை நீளம்."

"கெயின்னா என்ன?"

"அதைத் திருப்பினா சத்தம் கரகரன்னு உறைக்கும்."

"அப்ப 'காரம்'னு போடு. வால்யூமுக்கு 'சத்தம்'. இன்னொண்ணு?"

"டோன். ஏத்தினா சுருக்குனு குத்தும், குறைச்சா மழுங்கிடும்."

"கூர்மை."

முடிந்தது விஷயம். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் டிரான்ஸ்பரென்ஸி ஷீட்டில், 7 மில்லிமீட்டர் உயரத்தில், கறுப்பில் அடித்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பு கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அதே மாதிரி இன்னொன்று அடித்து, ஒன்றின் மேல் ஒன்றைத் துல்லியமாக வைத்து ஒட்டினேன். அட்டைக் கறுப்பு!

சனிக்கிழமை காலை வலை தயார். பெட்டி அசையாமலிருக்க நாலு பக்கமும் அட்டை ஒட்டினார். வலைக்கும் பெட்டிக்கும் நடுவே காசு நுழைகிற அளவு இடைவெளி. மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. 'காரம்' லேசாகக் கலங்கி 'கராம்' போலத் தெரிந்தது. அவர் பதறவில்லை, தின்னர் நனைத்த துணியால் சட்டென்று துடைத்துவிட்டு மறுபடி ஒரு இழுப்பு. வலையைத் தூக்கினார்.

கறுப்பில் வெள்ளை. அமாவாசையில் அரிசி மாவுக் கோலம் மாதிரி.

வெளிநாட்டில் 'ராட்' என்று ஒரு பிரபலமான பெடல் உண்டு. 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் கலமஸூ நகரத்தில் பிறந்தது. அதுவும் கறுப்புப் பெட்டி, வெள்ளை எழுத்துதான். அன்றைக்கு அதைப் பக்கத்தில் வைத்திருந்தால் எங்கள் பெட்டி வெட்கப்பட்டிருக்காது.

"எவ்வளவுங்கய்யா?"

"நானூறு குடு. ஆயிரம் அடிச்சாலும் ஒரு வலைதான், ஒண்ணு அடிச்சாலும் ஒரு வலைதான். ராத்திரி பூரா காயட்டும். அதுக்குள்ள நகத்தால சுரண்டிப் பாக்காதே. எல்லாரும் பாப்பாங்க."

சத்தியமாகச் சுரண்டவில்லை. இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன், அவ்வளவே.

ஞாயிறு மாலை. ரிசப்ஷன் ஹாலில் கடைசி வரிசையில், பொண்ணு வீட்டுக்காரனும் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்காரனும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறினார்கள். அதே பாட்டு. கிடார் தேய வேண்டிய அதே இடம். நண்பன் குனிந்தான். என் வயிற்றில் யாரோ கெயினை முழுசாகத் திருப்பினார்கள்.

கை நின்றது. ஒரு நொடி பார்த்தான். திருப்பினான்.

கிடார் மெள்ள மெள்ளத் தேய்ந்து, பாட்டோடு கரைந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. முன்வரிசைப் பாட்டிகள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நன்றி கின்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. உருளைக்கிழங்கு பொரியலை ஒரு வாய் போட்டவன், பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்:

"அண்ணே, சத்தமெல்லாம் சரியா இருக்கு. காரம்தான் ரெண்டு பாயிண்ட் ஜாஸ்தி!"